‘ஆர்டர்’ என்றொரு ஆங்கிலச் சொல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாளையங்கோட்டையில் வீட்டு மாடியில் பிள்ளைகளுக்கு ஆங்கில டியூஷன் எடுக்கிறேன். ஒருநாள் பதினொன்றாம் வகுப்புப் பையன் ஒருவன் வ.உ.சி. பற்றித் தான் எழுதிய கட்டுரையை எழுந்து நின்று வாசித்தான். வ.உ.சி.க்குத் தாய்நாட்டின் மேல் பெரிய ‘ஆர்டர்’ இருந்தது என்று ஒரு வரி வந்தது. பின்பெஞ்சில் இருந்து ஒரு குரல்: “எத்தனை புரோட்டால?” வகுப்பு முழுக்கச் சிரிப்பு. வாசித்தவன் முகம் சுண்டிப்போனது. அவன் எழுதியது சரியான சொல், சரியான இடம். அப்படி ஒரு சொல் இருப்பதே மற்றவர்களுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். அன்றைக்குத் தொடங்கிய கேள்விகள் இன்னும் ஓயவில்லை. பிள்ளைகள் கேட்டது, அவர்களைக் கூட்டிப்போக வரும் பெற்றோர் படிக்கட்டில் நின்று கேட்டது, பக்கத்து வீட்டு அண்ணாச்சி வம்புக்குக் கேட்டது எல்லாம் இங்கே இருக்கின்றன.

முதலில் ஒரு ஏற்பாடு. தமிழில் எழுதும்போது இரண்டு சொல்லும் ஒரே மாதிரி வந்து தொலைக்கின்றன. அதனால் இந்தப் பக்கத்தில் மேற்கோள் குறிக்குள் ‘ஆர்டர்’ என்று வந்தால் நம்முடைய சொல். குறி இல்லாமல் வந்தால் ஓட்டலில் கொடுக்கிற ஆர்டர்.

இது ஓட்டல் ஆர்டர் இல்லையென்றால் வேறு என்ன?

எழுத்து வேறு, பிறப்பு வேறு, பொருள் வேறு. ஓட்டல் ஆர்டர் ஓ-வில் தொடங்கும். இது ஏ-யில் தொடங்கும்: ஏ, ஆர், டி, ஓ, யு, ஆர்.

ஒன்றின் மேலோ ஒருவர் மேலோ உள்ளுக்குள் எரிந்துகொண்டே இருக்கிற பற்று என்று வைத்துக்கொள்ளலாம். சும்மா பிடித்திருக்கிறது என்பதல்ல. அதைச் செய்யாமல் உட்கார விடாது, பேசினால் குரலில் சூடு தெரியும். ‘ஹி ஸ்போக் வித் ஆர்டர்’ என்றால் அவர் உரக்கப் பேசினார் என்று பொருள் இல்லை. மெதுவாகக்கூடப் பேசியிருக்கலாம். ஆனால் பேசியதை உயிராக நம்பிப் பேசினார்.

எப்படி உச்சரிப்பது? இரண்டும் ஒரே சத்தமாகத்தானே கேட்கிறது?

நம் வாயில்தான் ஒரே சத்தம். வேடிக்கை என்னவென்றால், நாம் புரோட்டாவுக்குச் சொல்கிற ஆர்டர்தான் தவறு. அதே சத்தம் இந்த ‘ஆர்ட’ருக்குக் கச்சிதமாகப் பொருந்தும். அதாவது கடைக்காரரிடம் நாம் தினமும் பேரார்வம் கேட்டுக்கொண்டிருக்கிறோம், அவர் புரோட்டா கொடுத்துக்கொண்டிருக்கிறார்.

இங்கிலாந்துக்காரர் பேசும்போது கடைசி ‘ர்’ கேட்காது, நடு ‘ர்’ரும் கேட்காது. அவர் வாயில் இது கிட்டத்தட்ட ‘ஆட’, ஓட்டல் ஆர்டர் கிட்டத்தட்ட ‘ஓட’. வாயை நன்றாகத் திறந்தால் இது, உதட்டைக் குவித்தால் அது. பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான்: உள்ளே தீ இருந்தால் ஆட, சர்வர் என்றால் ஓட. இதைச் சொன்ன பிறகு யாரும் மறக்கவில்லை. அமெரிக்கர்கள் ‘ர்’ரை விடாமல் சொல்வார்கள், அங்கேயும் ஆ–ஓ வேறுபாடு உண்டு.

எங்கிருந்து வந்த சொல்?

லத்தீன். அந்த மொழியில் ‘ஆர்டேரே’ என்றால் எரிதல். அதிலிருந்து பழைய பிரெஞ்சு வழியாக 14ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆங்கிலத்துக்கு வந்தது. ஆகவே சொல்லின் அடியில் இருப்பது மனசு இல்லை, அடுப்பு. தீயிடும் குற்றத்துக்கு ஆங்கிலத்தில் ‘ஆர்சன்’ என்பார்களே, அதுவும் இதே வேர்தான். ஒரே தீ, ஒன்று நெஞ்சில், ஒன்று கூரையில்.

திருநெல்வேலிக்காரனுக்கு இந்த இரண்டு சொல்லையும் ஒரே நாளில் காட்டலாம். 1908 மார்ச் 12ஆம் தேதி வ.உ.சி.யைக் கைது செய்தார்கள். மறுநாள் ஊரே கொந்தளித்தது. கடைகள் அடைத்தன, நகராட்சி அலுவலகமும் தபால் அலுவலகமும் தீக்கிரையாயின, துப்பாக்கிச் சூடும் நடந்தது. வெள்ளைக்காரன் காகிதத்தில் அது கலகம், தீவைப்பு. தெருவில் நின்றவர்களைக் கேட்டிருந்தால் வேறு சொல் சொல்லியிருப்பார்கள்.

தமிழில் ஒரே சொல்லில் சொல்ல முடியாதா?

முடியும், ஆனால் ஒவ்வொரு இடத்துக்கும் ஒவ்வொரு சொல். அகராதியில் ‘ஆர்வம்’ என்று போட்டிருக்கும். அது போதாது. “எனக்குச் செடி வளர்ப்பதில் ஆர்வம்” என்று ரெண்டு தொட்டி வைத்திருப்பவரும் சொல்கிறார். ‘பேரார்வம்’ என்றால் பொருள் சரி, ஆனால் மேடைப் பேச்சு வாடை அடிக்கும்.

எனக்கு மிகவும் பிடித்தது ‘வேட்கை’. படிப்பு வேட்கை, விடுதலை வேட்கை, காதல் வேட்கை என்று இந்த ஆங்கிலச் சொல் போகிற இடமெல்லாம் அதுவும் போகிறது. கொஞ்சம் இலக்கிய நெடி உண்டு. இந்தச் சொல்லுக்கும் அதே நெடி உண்டு என்பதால் அது குறையில்லை, பொருத்தம்.

‘வெறி’ என்று பிள்ளைகள் எழுதுகிறார்கள். பேச்சில் சரி, “கிரிக்கெட் வெறி பிடிச்சு அலையுதான்” என்று வீட்டில் திட்டுவதும் உண்டு. ஆனால் வெறியில் நிதானம் போய்விடுகிறது. ‘ஆர்ட’ரில் நிதானம் போகவேண்டிய கட்டாயம் இல்லை. ‘கிறுக்கு’ இன்னும் ஒரு படி கீழே. “அவனுக்கு மாட்டுக் கிறுக்கு” என்று கிராமத்தில் சொன்னால் அதில் பாதி கேலி, பாதி பாசம். அதை இந்தச் சொல்லால் மொழிபெயர்த்தால் கேலி முழுக்க உதிர்ந்துவிடும்.

வேலையைப் பற்றியது என்றால் ‘முனைப்பு’ நன்றாக இருக்கும். அதில் சூடு இல்லைதான், ஆனால் விடாப்பிடி இருக்கிறது. போராட்டம், நாடு, மொழி என்று வரும்போது ‘கனல்’ எழுதலாம். எதுவும் சரிவரவில்லையென்றால் ‘தணியாத’ என்று முன்னால் ஒன்றைச் சேர்த்துவிடுங்கள். தணியாத ஆர்வம். இதில் ஏன் அந்த ‘தணியாத’ என்பதைக் கீழே வினைச்சொல் பற்றிய கேள்வியில் சொல்கிறேன்.

‘ஆர்வம்’, ‘ஆர்டர்’ இரண்டும் ‘ஆர்’ என்று தொடங்குகின்றனவே. ஒரே வேரா?

அண்ணாச்சி கேட்ட கேள்வி. இல்லை, தற்செயல். தமிழில் ஆர்தல் என்றால் நிறைதல், நுகர்தல், அங்கே எரிதல். ஒன்று நிறைந்த குடம், மற்றது எரிகிற அடுப்பு. பழந்தமிழில் ஆர்வம் இன்றைய மாதிரி வெறும் ‘இன்ட்ரஸ்ட்’ அல்ல என்பதை மட்டும் சொல்லிவைக்கிறேன். திருக்குறளில் ஆர்வலர் என்றால் அன்புடையவர். நாம்தான் அந்தச் சொல்லைப் பாடத்திட்டத்துக்கும் பொழுதுபோக்குக்கும் இறக்கிவிட்டோம்.

‘பேஷன்’ என்று சொன்னால் போதாதா? எல்லோருக்கும் தெரிந்த சொல்லாயிற்றே.

போதும், பத்துக்கு எட்டு இடத்தில். (உடுப்பு ஃபேஷன் இல்லை, ஆங்கிலத்தில் பி-யில் தொடங்குகிற பேஷன்.) நம் ஊரில் பேஷன் என்றால் முதலில் பைக்தான் நினைவுக்கு வரும் என்பது வேறு விஷயம்.

ஆனால் அந்தச் சொல்லின் அடியில் இருப்பது வேறு சரக்கு. லத்தீனில் அதன் வேருக்குப் பொருள் துன்பப்படுதல், அனுபவித்தல். ஆஸ்பத்திரியில் படுத்திருக்கும் ‘பேஷன்ட்’, பொறுமையைக் குறிக்கும் ‘பேஷன்ஸ்’ எல்லாம் அதே குடும்பம். இது பாளையங்கோட்டைக்காரர்களுக்குச் சொல்லித் தரவேண்டியதில்லை. இங்கே பாதித் தெருவுக்குத் தெரியும், பெரிய வெள்ளிக்கு முந்தைய வாரத்தில் ஆலயத்தில் பேசுவது கிறிஸ்துவின் ‘பாடுகள்’ பற்றி. ஆங்கிலத்தில் அதற்குப் பெயர் ‘தி பேஷன்’. மொழிபெயர்த்தவர்கள் எவ்வளவு நுட்பமானவர்கள் பாருங்கள். ‘பாடு’ என்றால் துன்பம், ‘பாடுபடு’ என்றால் உழை. “பிள்ளையைப் படிக்கவைக்க நான் பட்ட பாடு” என்று ஒரு தாய் சொல்லும்போது அதில் துன்பமும் இருக்கிறது, விடாத பற்றும் இருக்கிறது. ஆங்கில ‘பேஷ’னின் இரண்டு முனையையும் நம் ஒரு சொல் பிடித்துவைத்திருக்கிறது.

ஆக, பேஷன் என்பது ஒருவருக்கு நேர்வது, அவரைப் பிடித்து ஆட்டுவது. கோபம்கூட அதில் அடங்கும். ‘ஆர்டர்’ அவரே உள்ளிருந்து எரிவது. கோபத்தை இதில் சேர்ப்பதில்லை.

ஃபெர்வர், ஜீல், என்தூசியாசம் என்றெல்லாம் இருக்கின்றனவே. எதை எங்கே போடுவது?

ஃபெர்வரின் வேர் கொதித்தல். நம் ஆங்கிலப் பத்திரிகைகளைத் திறந்தால் எந்தத் திருவிழாவும் ‘ரிலிஜியஸ் ஃபெர்வர்’ இல்லாமல் நடந்ததே கிடையாது. அச்சுக்கட்டை மாதிரி அந்த வரி தயாராக இருக்கிறது. தேய்ந்த வரிதான், ஆனால் தப்பான வரி இல்லை. ஆனி மாதம் நெல்லையப்பர் தேரோட்டத்தில் ரதவீதியில் நின்று பாருங்கள். ஆயிரக்கணக்கான கை வடத்தைப் பிடிக்கிறது, தேர் அசைகிறது, சத்தம் பொங்குகிறது. அது கொதிப்பு. கூட்டத்துக்கு ஃபெர்வர் பொருந்தும். வருஷம் தவறாமல் சென்னையிலிருந்தோ மும்பையிலிருந்தோ லீவு போட்டு அந்த வடத்தைத் தொட வருகிறாரே ஒருவர், அவரிடம் இருப்பது ‘ஆர்டர்’. இரண்டையும் மாற்றிப் போட்டாலும் இலக்கணம் உதைக்காது. காது கொஞ்சம் உதைக்கும்.

என்தூசியாசம் கிரேக்கச் சொல்லில் இருந்து வந்தது. உள்ளே தெய்வம் இருத்தல் என்பது அதன் பழைய பொருள். சுடலைமாடன் கோயில் கொடை விழாவில் சாமி இறங்கி ஆடுவதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். ஆங்கிலேயர் 17, 18ஆம் நூற்றாண்டுகளில் இந்தச் சொல்லை வசையாகத்தான் பயன்படுத்தினார்கள். கடவுள் என்னிடம் நேரே பேசினார் என்று குதித்தவர்களைக் குறிக்க. இன்று கம்பெனி விளம்பரத்தில் ‘என்தூசியாஸ்டிக் ஆட்கள் தேவை’ என்று போடுகிறார்கள். சாமியாடிகள் விண்ணப்பிக்கலாமா என்று தெரியவில்லை.

ஜீல் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்லவேண்டும். அதுவும் கிரேக்கம். பொறாமையைக் குறிக்கும் ‘ஜெலஸ்’ அதனுடைய உடன்பிறப்பு. தமிழ் பைபிளில் ஜீலுக்கு ‘பக்திவைராக்கியம்’ என்று போட்டிருக்கிறார்கள், நம் ஊர்க் கிறிஸ்தவர்கள் பேச்சிலும் அந்தச் சொல் புழங்குகிறது. இதில் ஒரு சுவாரசியம். வடமொழியில் வைராக்கியம் என்றால் ராகம் இல்லாமை, அதாவது பற்று அற்றுப்போதல். பிரசவ வைராக்கியம், மயான வைராக்கியம் என்கிறோமே, அதில் இன்றும் அந்தப் பழைய பொருள் இருக்கிறது. ஆனால் நடைமுறைத் தமிழில் “அவன் வைராக்கியமா நின்னு வீட்டைக் கட்டிட்டான்” என்கிறோம். பற்றில்லாமை என்ற சொல் நடந்து நடந்து, எதற்கும் அசையாத பற்றாக எதிர்க்கரைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. ஆங்கிலச் சொற்கள்தான் குழப்பம் என்று யாராவது சொன்னால் இதைக் காட்டுங்கள்.

ஜீல் பெரும்பாலும் ஒரு கொள்கைக்காக, மதத்துக்காக, சீர்திருத்தத்துக்காக ஓடுகிற வேகம். அளவு மீறினால் பிறரைத் தொந்தரவு செய்யும். ‘ஆர்டர்’ பொதுவாகத் தன்னைத்தான் எரிக்கும்.

இதோடு எந்த வினைச்சொற்கள் சேரும்?

இந்தக் கேள்வியைக் கேட்கிற பிள்ளையை நான் தனியாகக் கவனிப்பேன். ஒரு சொல்லின் பொருள் தெரிவது பாதிதான். அது யாரோடு சேர்ந்து நடக்கிறது என்று தெரிந்தால்தான் அது நம்முடையது.

தீயை என்னென்ன செய்யலாமோ அதையெல்லாம் இதையும் செய்யலாம், அதுதான் விதி. பற்றவைக்கலாம், அதற்கு ‘கிண்டில்’. அல்வா கிண்டுவதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை, ஆனால் நினைவு வைக்க அதுவும் உதவும். அடுப்பு இல்லாமல் அல்வா ஏது? அணைந்ததைத் திரும்ப மூட்டினால் ‘ரீகிண்டில்’. ஊதிப் பெருக்கினால் ‘இன்ஃப்ளேம்’. ஆறினால் ‘கூல்’: ‘ஹிஸ் ஆர்டர் கூல்ட்’ என்றால் ஆரம்பத்தில் இருந்த சூடு அவரிடம் இப்போது இல்லை.

எல்லாவற்றிலும் அதிகம் வருவது ‘டேம்ப்பன்’. ஈரமாக்குதல். எரிகிற அடுப்பில் ஈர விறகைச் செருகினால் என்ன ஆகும்? ஒரேயடியாக அணையாது. புகையும், கண் எரியும், சோறு வேகத் தாமதமாகும். ஆங்கிலத்தில் ஒருவர் ‘ஆர்ட’ரை ‘டேம்ப்பன்’ செய்வது அந்த வேலைதான். புதிதாகக் கவிதை எழுதத் தொடங்கிய பையனிடம் “இதையெல்லாம் வச்சுச் சோறு திங்க முடியுமாலே?” என்று அப்பா கேட்பது. இல்லாமல் போவதையும் சொல்வார்கள்: ‘நத்திங் குட் டேம்ப்பன் ஹெர் ஆர்டர்’, எதனாலும் அவள் வேட்கையைத் தணிக்க முடியவில்லை.

தமிழில் இந்த இடத்தில் ‘தணி’ வருகிறது பாருங்கள். தீயும் தணியும், தாகமும் தணியும், கோபமும் தணியும். எட்டயபுரத்துப் பாரதி சுதந்திரத்தைத் தாகம் என்றார், அது என்று தணியும் என்று கேட்டார். ஆங்கிலேயனுக்கு நெருப்பில் தோன்றுவது நமக்குத் தண்ணீரிலும் தோன்றுகிறது. தாமிரபரணிக் கரையில் இருந்துகொண்டு தாகத்தைப் பற்றிப் பேசுவது கொஞ்சம் கூச்சமாக இருந்தாலும், கோவில்பட்டி, எட்டயபுரம் பக்கத்துக் கரிசல் வெயிலை அறிந்தவர்கள் அந்தத் தாகத்தைப் புரிந்துகொள்வார்கள். மொழிபெயர்க்கும்போது தீயைத் தாகமாக மாற்றத் தயங்காதீர்கள், பொருள் கெடாது.

முன்னிடைச்சொல் என்றால் ‘ஃபார்’: ‘ஆர்டர் ஃபார் மியூசிக்’. முறையைச் சொல்ல ‘வித்’. மற்றவை அபூர்வம்.

‘ஆர்டென்ட்’ என்று ஒன்று பார்த்தேன். அதுவும் இதுவா?

ஆமாம், அதன் உரிச்சொல். பெயர்ச்சொல்லைவிட இதுதான் அதிகம் புழங்குகிறது. ‘ஆர்டென்ட் ஃபேன்’ என்றால் தீவிர ரசிகர். நம் சுவரொட்டிகளில் ‘வெறியர்கள்’ என்று போடுவார்கள், அதைவிடக் கொஞ்சம் சட்டை மாட்டிக்கொண்ட சொல். வண்ணாரப்பேட்டையில் தன் வீட்டு வட்டத்தொட்டியில் நண்பர்களைக் கூட்டி வைத்துக் கம்பனைப் பாடிப் பாடி ரசித்த ரசிகமணி டி.கே.சி.யை ‘ஆன் ஆர்டென்ட் அட்மைரர் ஆஃப் கம்பன்’ என்று எழுதினால் அச்சு அசலாகப் பொருந்தும். அவருக்கு வெறியர் என்ற சொல் ஒட்டாது.

பழைய ஆங்கிலக் காகிதங்களில் ‘ஆர்டென்ட் ஸ்பிரிட்ஸ்’ என்று வந்தால் யாரோ ஆர்வமுள்ள ஆவிகள் என்று எண்ணிவிடாதீர்கள். காய்ச்சி வடித்த சாராய வகைகள். தீப்பற்றும் சரக்கு என்பதால் அந்தப் பெயர்.

அப்படியென்றால் ‘ஆர்டுவஸ்’?

அது வேறு வீடு. லத்தீனில் செங்குத்து என்ற சொல்லில் இருந்து வந்தது. கடினமான என்று பொருள். குற்றாலத்தில் தேனருவிக்கு ஏறும் வழி ‘ஆர்டுவஸ்’. (குற்றாலம் 2019இல் தென்காசி மாவட்டத்தோடு போய்விட்டது, இருந்தாலும் சாரல் வந்தால் திருநெல்வேலிக்காரன் கால் அங்கேதான் போகும்.) ஏறியே தீருவேன் என்று நிற்கிற மனம் ‘ஆர்டென்ட்’. தேர்வில் இந்த இரண்டையும் மாற்றிப் போட்டுவிட்டு வருகிறவர்கள் வருஷத்துக்கு நாலு பேராவது உண்டு.

யு போடவேண்டுமா, வேண்டாமா?

இங்கிலாந்து முறையில் உண்டு, அமெரிக்க முறையில் இல்லை. அமெரிக்காவில் நோவா வெப்ஸ்டர் 1828இல் வெளியிட்ட அகராதி இப்படிப் பல சொற்களில் யு-வைக் கத்தரித்த வடிவத்தைப் பரப்பியது. நம் பள்ளிகளில் இங்கிலாந்து முறை, ஆகவே போடுங்கள். உரிச்சொல்லான ‘ஆர்டென்ட்’டில் எந்த நாட்டிலும் யு கிடையாது.

பன்மை உண்டா?

பழைய கவிதையில் உண்டு. நீங்கள் எழுதவேண்டாம்.

இணையத்தில் தேடினால் பாட்டுப் பதிவு செய்கிற ஏதோ வருகிறதே?

அது அதே பெயரில் உள்ள ஒரு கட்டற்ற ஒலிப்பதிவு மென்பொருள். கொடைக்கு வில்லுப்பாட்டுப் பதிவு செய்ய நினைப்பவர்களுக்குப் பயன்படலாம். தேர்வுக்குப் படிப்பவர்கள் ‘பொருள்’ என்று சேர்த்துத் தேடுங்கள்.

வேலைக்கு விண்ணப்பிக்கும்போது எழுதலாமா? மதிப்பாக இருக்குமே.

ஒரு பெண் வங்கி வேலைக்கான கடிதத்தில் ‘ஐ ஹேவ் கிரேட் ஆர்டர் ஃபார் அக்கவுன்டிங்’ என்று எழுதிக்கொண்டு வந்தாள். இலக்கணப்படி ஒரு பிழையும் இல்லை. நான் அவளிடம் ஒன்றுதான் கேட்டேன்: “தாலுகா ஆபீஸுக்கு மனு எழுதும்போது ‘பட்டா பெறும் வேட்கையுடன் விண்ணப்பிக்கிறேன்’ என்று எழுதுவியா?” அவளே சிரித்துவிட்டு அடித்துவிட்டாள்.

இது கொஞ்சம் பட்டுப்புடவை மாதிரிச் சொல். கல்யாணத்துக்குக் கட்டலாம், ரேஷன் கடைக்குக் கட்டிக்கொண்டு போனால் எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள். வேலைக் கடிதத்தில் ‘கீன் இன்ட்ரஸ்ட்’ போதும். கட்டுரை, சொற்பொழிவு, வாழ்க்கை வரலாறு, கதை, இவற்றில்தான் இதற்கு இடம். அங்கேயும் ஒரு பக்கத்தில் ஒருமுறைக்கு மேல் வேண்டாம்.

காதல் கடிதத்தில்?

கேட்டவன் யார் என்று சொல்லமாட்டேன். அவன் அம்மாவும் இதைப் படிக்கக்கூடும்.

பொருளளவில் இதன் பழைய வீடே அதுதான். ஆனால் ஒரு எச்சரிக்கை. ஆங்கில நாவல்களில் ஒரு ஆணின் ‘ஆர்டர்’ என்று தனியாக வந்தால், எழுத்தாளர் உடல் ஆசையை நாசூக்காகத் திரைபோட்டுச் சொல்கிறார் என்று பெரும்பாலும் பொருள். அதனால் ஆசிரியர் மேல், தலைவர் மேல், பக்கத்து வீட்டு அக்கா மேல் எனக்கு ‘ஆர்டர்’ என்று எழுதிவைக்காதீர்கள். மரியாதை, அன்பு, பக்தி என்று வேறு சொற்கள் இருக்கின்றன. எதன்மேல் என்பதை ஒரு செயலாகவோ கொள்கையாகவோ சொல்லிவிட்டால் இந்தச் சங்கடம் வராது.

காதலையும் தீயையும் சேர்த்துச் சொல்ல ஆங்கிலத்துக்குப் போகவும் வேண்டாம். 1104வது குறளில் ஒருவன் வியக்கிறான்: விலகினால் சுடுகிறது, நெருங்கினால் குளிர்கிறது, இப்படி ஒரு தீயை இவள் எங்கே பெற்றாள்? லத்தீன்காரர்கள் எரிதல் என்பதோடு நின்றுவிட்டார்கள். நம் ஆள் அந்தத் தீயைத் திருப்பிப் போட்டுவிட்டார்.

அந்த வ.உ.சி. கட்டுரை என்ன ஆயிற்று? அந்த வரி சரிதானா?

வரி சரி. ஆனால் அப்படியே விட்டால் அது வெறும் அலங்காரம். நான் அந்தப் பையனிடம் சொன்னது, சொல்லை வைத்தால் அதற்கு விறகும் வைக்கவேண்டும் என்பது. தூத்துக்குடியில் 1906இல் சுதேசி நீராவிக் கப்பல் கம்பெனி தொடங்கி வெள்ளைக்காரக் கம்பெனிக்கு எதிராகக் கொழும்புக்குக் கப்பல் விட்டதை எழுதச் சொன்னேன். 1908இல் இரட்டைத் தண்டனையாக நாற்பது வருஷம் தீர்ப்பானதை எழுதச் சொன்னேன். மேல்முறையீட்டில் தண்டனை குறைந்தது. கோவைச் சிறையில் செக்கிழுத்து, 1912 டிசம்பரில் வெளியே வந்தார். அதற்குள் கப்பலும் போய்விட்டது, கம்பெனியும் போய்விட்டது.

பையன் அங்கே கட்டுரையை முடித்திருந்தான். நான் இன்னும் ஒரு பத்தி கேட்டேன். வெளியே வந்தவர் வறுமையில் இருந்துகொண்டே திருக்குறளுக்கு உரை எழுதினார், தொல்காப்பியத்தை இளம்பூரணர் உரையோடு பதிப்பித்தார். ஈர விறகு எவ்வளவு செருகியும் அணையாத அடுப்பு அது. இப்போது ‘பிரிசன் டிட் நாட் டேம்ப்பன் ஹிஸ் ஆர்டர்’ என்று எழுது என்றேன். எழுதி வாசித்தான். பின்பெஞ்சில் இருந்து புரோட்டா வரவில்லை.

என் வாக்கியத்தையும் திருத்தித் தருவீர்களா?

பலர் கேட்கிறார்கள், முடிந்தவரை செய்கிறேன். ஒன்றை மட்டும் இங்கே சொல்கிறேன். முக்கூடல் பக்கத்திலிருந்து வருகிற ஒன்பதாம் வகுப்புப் பையன் ‘மை ஆச்சி ரோல்ஸ் பீடிஸ் வித் ஆர்டர்’ என்று எழுதியிருந்தான். மடியில் சுளகு வைத்து, காலையிலிருந்து பொழுது சாயும்வரை ஆச்சி பீடி சுற்றுவதைப் பார்த்து வளர்ந்தவன். இலக்கணம் சரி. ஆச்சியிடம் போய்க் கேட்டுவிட்டு வா என்று அனுப்பினேன்.

மறுநாள் வந்து சொன்னான். “ஆசைப்பட்டு யாருல பீடி சுத்துவா? ஆயிரம் சேர்ந்தாத்தான் கம்பெனியில துட்டு” என்று ஆச்சி திட்டினாளாம். சரி, அடித்துவிடு என்றேன். பேனாவை எடுத்தவன் கொஞ்சம் யோசித்தான். “ஆனா சார், கொடைக்கு வில்லுப்பாட்டுன்னா ஆச்சி விடியுற வரைக்கும் அசையமாட்டா. தூக்கம் வந்தா முகத்துல தண்ணியடிச்சிட்டு வந்து உக்காருவா.”

அதை எழுது என்றேன். ‘மை ஆச்சி லிசன்ஸ் டு வில்லுப்பாட்டு வித் ஆர்டர்.’ நோட்டை வாங்கிப் பார்த்தேன். யு இல்லை. அன்றைக்கு அதை மட்டும் விட்டுவிட்டேன்.